நாலு அரங்கம், ஒரு ஆம்னி, ஒரு வெள்ளச் சட்டை

மதுரை சிம்மக்கல் பக்கம் டிவி, ரிமோட் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், இருபத்திரண்டு வருஷமா. அக்கா மகன் வந்து, "மாமா, ரெண்டு நாள்ல நாலு இடத்துல லேசர் டேக் விளையாடப் போறோம். திருச்சி, கோயம்புத்தூர், பொள்ளாச்சி. வண்டி உங்க ஆம்னி, பெட்ரோல் என் செலவு"ன்னான். ஒளித் துப்பாக்கியால ஒருத்தரை ஒருத்தர் சுட்டு விளையாடுற ஆட்டம் அது. நான் கேட்ட ஒரே கேள்வி: "துப்பாக்கியப் பிரிச்சுப் பாக்க விடுவாய்ங்களா?"

சனிக்கிழமை காலையில அஞ்சரைக்கு மாட்டுத்தாவணியத் தாண்டியாச்சு. நான், மாப்ள, ஒன்பதாவது படிக்கிற என் மக. மேலூர்ல டீ, விராலிமலைகிட்ட ரோட்டோரம் ரெண்டு மயில், எட்டரைக்குத் திருச்சி. அரங்கம் திறக்குறது பதினோரு மணிக்கு. சீக்கிரம் கெளப்புனது நான்தான். ரெண்டரை மணி நேரம் வேனுக்குள்ள மக என்கூடப் பேசல.

உள்ள போகுறதுக்கு முந்தி, துப்பாக்கியோட மூக்கை செல்போன் முன் கேமராவுக்கு நேரா காட்டி விசையை அமுக்கினேன். வெறுங்கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. திரையில மட்டும் வெளிர் ஊதாவா ஒரு புள்ளி மினுக்குச்சு. கடைக்கு வர்ற ரிமோட்டையும் இப்படித்தான் சோதிப்பேன். பேருதான் லேசர். புகைக்குள்ள செவப்பா ஓடுற கோடு கண்காட்சிக்கு. ஆளை அடிக்கிறது பெரும்பாலும் அகச்சிவப்பு, நம்ம டிவி ரிமோட் சங்கதியேதான். நெஞ்சு, முதுகு, தோள்னு மாட்டிவிடுற சட்டையில அதை வாங்குற சென்சார் இருக்கும். ஒவ்வொரு துப்பாக்கியும் தன் நம்பரைத் துடிப்புத் துடிப்பா அனுப்புறதால, சுட்டது யாருன்னு சட்டைக்குத் தெரிஞ்சுரும். 1984லயே அமெரிக்காவுல டல்லஸ்ல ஜார்ஜ் கார்ட்டர்னு ஒருத்தர் 'ஃபோட்டான்'ங்கிற பேர்ல இப்படி ஒரு அரங்கம் திறந்துட்டாரு. அப்ப எங்க தெருவுல ரிமோட்னு ஒரு சாமானையே யாரும் பாத்ததில்ல.

இவ்வளவு தெரிஞ்ச ஆள் எத்தனாவது வந்தேன்? பதினாலு பேர்ல பதிமூணாவது. பதினாலாவது பையன் பாதியில பாத்ரூம் போயிட்டான். காரணம் நான் போட்டிருந்த வெள்ளச் சட்டை. சலவைத்தூள்ல வெண்மைக்குன்னு சேக்குற சமாச்சாரம் அரங்கத்துல போட்டிருக்குற புற ஊதா விளக்குல நீலமா ஒளிரும். இருட்டுல நான் மட்டும் டியூப்லைட் மாதிரி நின்னிருக்கேன். மாட்டிவிட்ட சென்சார் சட்டைக்கு வெளிய தெரிஞ்ச கையும் காலருமே போதும்னு மக சொன்னா. அவ மூணாவது.

குளித்தலை வழியா, வலது கைப்பக்கம் காவிரி கூடவே வர, கரூர் தாண்டி சாயங்காலம் கோயம்புத்தூர். இங்க நான் சாகவே இல்ல. மறைவுல இடது தோளை மட்டும் வெளிய நீட்டி நின்னு சுடுறேன். பத்து வயசுப் பையன் ஒருத்தன் அந்தத் தோளையே குறி வச்சு அடிக்கிறான், ஒண்ணும் ஆகல. கடைசியில அழுகுற குரல்ல கத்துனான்: "அண்ணா, இந்த வெள்ளச்சட்டை அங்கிள் சாகவே மாட்டேங்குறாரு!" பாத்தா தோள் சென்சாருக்குப் போற ஒயர்ல லூஸ் கான்டாக்ட். விரலால அழுத்துனா எரியுது, விட்டா அணையுது. சால்டரிங் அயர்ன் இருந்தா ரெண்டு நிமிஷ வேலை. ஸ்குரூவைத் தேடி நான் திருப்புறதைப் பாத்து கவுண்டர்ல இருந்த பொண்ணு ஓடி வந்துச்சு: "சார், ப்ளீஸ், கழட்டாதீங்க!" அந்த ஆட்டத்துல நான்தான் முதல். பையன் இன்னும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டான்.

ஞாயித்துக்கிழமை காலையில மூணாவது இடம். மால், ஏசி, பாட்டுச் சத்தம். அவ்வளவுதான்.

நாலாவது பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புல, திறந்தவெளி. சாயங்காலம் நாலு மணி, வெயில் மேக்க சாஞ்சிருச்சு. வெயில்லயும் அகச்சிவப்பு உண்டு. அது நேரா விழுந்தா சென்சாருக்குக் கண்ணு கூசிரும். (சி.எஃப்.எல் பல்பு வந்த புதுசுல, விளக்கைப் போட்டா ரிமோட் வேலை செய்யலன்னு எத்தனை பேர் கடைக்கு வந்தாங்க!) அதனால மேற்கைப் பாத்து நின்னுக்கிட்டேன். என் நெஞ்சுல வெயில், கிட்டத்துல வந்து சுட்டாத்தான் படும். எதிர்ல வர்றவங்களுக்கு வெயில் முதுகுல; நெஞ்சு நிழல்ல இருக்கும், சுட்டா டக்குனு விழும். நாலாவதா வந்தேன். மக எல்லாத்தையும் கவனிச்சிருக்கா.

"அப்பா, இது கள்ளாட்டம்."

"தொழில் நுணுக்கம்டி."

பழனி வழியா வந்து, திண்டுக்கல்ல சீரகச் சம்பா பிரியாணி சாப்பிடுற வரைக்கும் இதே சண்டை. மாப்ள நடுவுல நுழையல. அவன் என்னைவிடக் கீழ, ஏழாவது.

அடுத்து பெங்களூருங்கிறான். திரும்பி வர்றப்ப தொப்பூர் இறக்கத்துல இந்த ஆம்னியோட பிரேக்கை நம்பி எறங்க நான் தயாரா இல்ல, ரயில்ல போவோம்னு சொல்லியிருக்கேன். மக அதுக்குள்ள எனக்கு ஒரு கருப்பு டீசர்ட் எடுத்துட்டு வந்துட்டா. முழுக்கை.