நாட்குறிப்பில் இடம் ஒழித்தல்

கையிலுள்ள நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரிந்துகொள்ளும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் 1955-இல் 'தி எகனாமிஸ்ட்' இதழில் எழுதியது அலுவலகங்களைக் கேலி செய்யத்தான் என்றாலும், வீட்டு வேலைகளுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. ஆகவே, நேரம் மிஞ்சினால் படிக்கலாம் என்று காத்திராமல், காலைக் காபிக்கும் சமையலுக்கும் இடைப்பட்ட பொழுதை முதலில் படிப்புக்கென ஒதுக்கிவிட்டு, வங்கி, மின்கட்டணம், தொலைபேசி அழைப்புகள் ஆகியவற்றை எஞ்சிய நேரத்துக்குள் நெருக்கி வைத்தேன், அவை சுருங்கிக்கொண்டன. வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து விலகுவது எளிதாகவே இருந்தது (குடும்பக் குழுவைத் தவிர, அதில் பெரியப்பா இருக்கிறார்). கடினமானவை திருமண அழைப்புகள்தாம். நெருங்கிய உறவென்றால் முகூர்த்தம், மற்றவர்களுக்கு மாலை வரவேற்பு மட்டும் என்று வகுத்துக்கொண்டிருக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் திருமணங்கள் நடைபெறுவதில்லை என்பதால், தடித்த நூல்களை அம்மாதங்களுக்கு வைத்திருக்கிறேன்.