காரணம் எழுதும் கட்டம்

“அத்தை ஊர்ல சேர்த்துப் படிக்க வைக்கிறோம், டீச்சர்.” அந்த அப்பா அவ்வளவுதான் சொன்னார். நான் அவளைப் பார்த்து, “போய்ப் படிப்பியாம்மா?” என்றேன். “படிப்பேன் டீச்சர்” என்றாள், தரையைப் பார்த்தபடி. டி.சி.யில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதி, சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பு, ஜனவரி மாதம். முழு ஆண்டுத் தேர்வை விட்டுவிட்டு யார் டி.சி. வாங்குவார்கள்? அன்றைக்கே தோன்றியது. ஆனால் கேட்டால் கொடுத்தாக வேண்டும், அதுவும் உண்மை.

அந்த வாரம்தான் நூற்றாண்டு மலருக்காகப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ‘நீங்கிய காரணம்’ கட்டத்தில், மை பழுப்பேறிய சாய்ந்த எழுத்தில், ‘வயதுக்கு வந்ததால்’, ‘விவாகம்’. பக்கத்துக்கு மூன்று, நான்கு. யாரோ ஒரு சிஸ்டர் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். 1844-இல் துப்புயி அடிகளார் பெண்கள் படிப்புக்காகப் புதுச்சேரியில் ஒரு கன்னியர் சபையே தொடங்கியதில் ஆரம்பித்து, இந்தப் பதிவேட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். கட்டுரை நன்றாகத்தான் வந்தது.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட்டிருக்கலாம். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், பெண்ணுக்கு 18 வயது என்றெல்லாம் அசெம்பிளியில் நானே பேசியிருக்கிறேன். ஆனால் நிஜமாகவே அத்தை ஊராக இருந்தால்? வீண் சந்தேகத்தில் வீட்டு வாசலுக்கு ஆள் போனால், அடுத்த வருடம் அந்தத் தெருவிலிருந்து ஒரு பிள்ளை வராது. இதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். பாதி நாள் எடுபடுகிறது.

போன்கூட இல்லை, இன்னொன்றுதான் உறுத்துகிறது. “சார், கொஞ்சம் வெளியே இருங்க” என்று சொல்லியிருக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் பத்துத் தடவை சொல்கிற வார்த்தை. அப்பா பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எந்தப் பெண் வேறு பதில் சொல்வாள்? அது தெரிந்துதான் அப்படிக் கேட்டேனோ என்னவோ.

டி.சி. கொடுத்ததும், மாணவர் விவரங்கள் இருக்கும் அரசின் எமிஸ் தளத்தில் பெயர் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுப் பட்டியலுக்கு, போய்விடும். வேறு பள்ளி எடுத்துக்கொண்டால் அங்கிருந்து நீங்கும். ஜூனில் பார்த்தேன், இருந்தாள். ஆகஸ்டிலும் இருந்தாள். அத்தை ஊர்ப் பள்ளியில் பதிவு தாமதமாகியிருக்கலாம். அப்புறம் நான் பார்க்கவில்லை.

மலர் வந்துவிட்டது. “அந்தப் பதிவேட்டுப் பகுதி மனசைப் பிசைஞ்சிடுச்சு மிஸ்” என்றார் சிஸ்டர். டி.சி. புத்தகம் அவர் மேசையில்தான் கிடந்தது, அடிக்கட்டையில் என் கையெழுத்தோடு.