தேதி போடாத கவிதைத்தாளுக்கு வருடம் கண்டுபிடிப்பது

சைக்ளோஸ்டைல் (ஸ்டென்சில் வெட்டி மெஷினில் உருட்டிப் பிரதி எடுக்கிற முறை) கவிதை இதழ்கள் சேர்க்க ஆரம்பித்ததிலிருந்து எனக்குப் பெரிய வேலை வைப்பது ஒரே விஷயம்தான், பாதிக்கு மேல் எதிலும் தேதி இருக்காது. "இதழ் 3" என்று இருக்கும், "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று இருக்கும், ஆசிரியர் பெயரும் முகவரியும் இருக்கும், வருடம் மட்டும் இருக்காது. நடத்தியவர்களுக்கு அது அந்த மாதத்துத் தாள், நண்பர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

கோவையில் பழைய கவிதை இதழ் என்றாலே எல்லோரும் வானம்பாடியைத்தான் கேட்பார்கள். 1971ல் இங்கே தொடங்கிய விலையிலாக் கவிமடல் அது, அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. சேலத்தில் சி. மணி 1968ல் தொடங்கிய நடையும் அப்படித்தான். அவையெல்லாம் அச்சகத்தில் அடித்தவை. நான் தேடுவது, அச்சுக்கூலிக்கு வழியில்லாமல் ஏதோ ஒரு கல்லூரியிலோ தொழிற்சங்க ஆபீசிலோ இருந்த மெஷினில் உருட்டி எடுத்த தாள்களை. உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் இவை அபூர்வம், ஏனென்றால் அட்டை இல்லாத நாலு தாளை யாரும் புத்தகமாகவே நினைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் வீட்டுப் பரண்களில். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒரு பை நிறையக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போ கண்ணு, எனக்கப்புறம் இதைப் பழைய பேப்பருக்குத்தான் போடுவாங்க" என்றார். "நான் பத்திரமா வெச்சிருக்கறனுங்க ஐயா" என்று வாங்கி வந்தேன்.

உருட்டியதா அச்சடித்ததா என்பதைக் கையே சொல்லிவிடும். அச்சகத்து ஈய எழுத்து தாளை அழுத்தியிருக்கும், பின்பக்கம் தடவினால் மேடு தட்டும். சைக்ளோஸ்டைலில் அது கிடையாது. மெழுகு பூசிய ஸ்டென்சிலில் ரிப்பன் இல்லாமல் டைப் அடிக்க வேண்டும், எழுத்து வெட்டிய வழியாக மை தாளில் இறங்கும். ஓங்கி அடித்துவிட்டால் சுழி முழுசாகக் கழன்று விழுந்துவிடும், அப்புறம் ண, ஞ எல்லாம் கரும்புள்ளிதான். தாளும் மையை உறிஞ்சுகிற சொரசொரப்பான தாள், எண்ணெய் கலந்த மை என்பதால் எழுத்தைச் சுற்றி நாளாக நாளாக ஒரு பழுப்பு வளையம் கட்டும். கவிதைக்குப் பக்கத்தில் ஒரு படம் இருந்தால் அது ஸ்டைலஸ் ஊசியால் ஸ்டென்சிலிலேயே கீறியது. அந்தக் கோடுகள் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சரி, வருடத்துக்கு வருகிறேன். முதலில் எழுத்தைத்தான் நம்பினேன். லை, னை, றா மாதிரியான எழுத்துகளின் சீர்திருத்த வடிவத்தைத் தமிழக அரசு 1978ல் ஏற்றது, ஆகவே பழைய வடிவம் இருந்தால் அதற்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாமா என்றால், கொங்கு நாட்டில் அது அவ்வளவாகச் செல்லுபடியாகாது. ஈரோட்டுப் பெரியார் 1930களிலேயே குடி அரசில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார், இயக்கத்துக்காரர்கள் ஆணைக்கு ரொம்ப முன்பிருந்தே அப்படித்தான் எழுதினார்கள். இன்னொரு பக்கம், பழைய டைப்ரைட்டர் வைத்திருந்தவர் 1978க்குப் பிறகும் பழைய எழுத்தைத்தான் அடித்திருப்பார்.

முகவரி அப்படி ஏமாற்றாது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15ல் வந்தது, ஆக 638 001 என்று போட்டிருந்தால் அதற்குப் பிந்தையது. (இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, இன்றைக்கும் பின்கோடு போடாமல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.) அப்புறம் மாவட்டம். 1979 வரை ஈரோடு கோவை மாவட்டத்தில் இருந்தது, அந்த வருடம் பெரியார் மாவட்டம் பிரிந்தது, 1990களில் அதன் பெயர் ஈரோடு மாவட்டம் என்று மாறியது. கோபி வாத்தியார் பையில் வந்த ஒரு மாத இதழின் ஆரம்ப இதழ்களில் பின்கோடும் "கோவை மாவட்டம்" என்பதும் சேர்ந்தே இருக்கின்றன, கடைசி இரண்டில் "பெரியார் மாவட்டம்" என்று மாறுகிறது. இதழ் எண்களை வைத்து மாதங்களைப் பின்னால் எண்ணிக்கொண்டே போனால் முதல் இதழ் 1970களின் கடைசிப் பகுதிக்கு வந்து நிற்கிறது. அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதனால்தான் தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். புக் போஸ்டில் வந்த இதழைச் சுற்றிய காகிதப் பட்டையில் தபால் முத்திரை தெளிவாக விழுந்திருந்தால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. யாருக்கெல்லாம் போனது என்பதும் அதில்தான் இருக்கிறது, தாராபுரத்து மளிகைக்கடை முகவரிக்கும் வால்பாறை எஸ்டேட் முகவரிக்கும் கவிதை இதழ் போயிருக்கிறது.

பாதுகாப்பில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலில் கட்டுகிறேன், குறிப்பு எழுதினால் பென்சிலில் மட்டும். லேமினேட் செய்வதைக் கண்டிப்பாக எதிர்க்கிறேன், ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது. ஸ்கேன் எடுப்பது கலரில், கருப்பு வெள்ளையில் எடுத்தால் பின்பக்கத்து மையும் முன்பக்க எழுத்தும் ஒன்றாகிவிடுகின்றன.

நியூயார்க்கில் கவிஞர் டெட் பெரிகன் 1963ல் இதேபோல் மிமியோகிராஃபில் எடுத்த 'சி' இதழை அங்கே பல்கலைக்கழக நூலகங்கள் வாங்கி வைத்திருக்கின்றன. நம்முடையதற்கு முதலில் ஒரு பட்டியலாவது வேண்டும், அதைத்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன். முகவரியே இல்லாத ஒரு தாள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் ழ வருகிற இடமெல்லாம் கால் உடைந்திருக்கிறது. அதே உடைந்த ழ வேறு எந்த இதழிலாவது இருந்தால் இரண்டும் ஒரே டைப்ரைட்டரில் அடித்ததாக இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். பெருந்துறைக் கட்டு இன்னும் பாக்கி.