செக்காட்டிய கூலியில் எரிந்த விளக்குகள்: திருவொற்றியூரில் கலிய நாயனார்

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் வடிவுடையம்மனைப் பார்க்கப் போகிறார்கள். இன்னும் சிலர் சுந்தரர், சங்கிலியார் கதைக்காக மகிழமரத்தடியைத் தேடுவார்கள். இதே ஊரில் பிறந்து, இதே சந்நிதியில் விளக்கேற்றியே நாயனாரான செக்குத் தொழிலாளி ஒருவர் உண்டு என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. அவர் கலிய நாயனார். ஊரில் சக்கரப்பாடித் தெருவில் வாழ்ந்த எண்ணெய் வாணிகர் குடியில் வந்தவர் என்கிறது பெரியபுராணம்.

மெட்ரோவில் வந்தால் ‘திருவொற்றியூர் தேரடி’ நிலையத்தில் இறங்குங்கள். ‘திருவொற்றியூர்’ என்று மட்டும் பெயருள்ள நிலையம் அதற்கு அடுத்தது. அங்கே இறங்கினால் திரும்பி நடக்க வேண்டும். வெள்ளியும் பௌர்ணமியும் சேர்ந்த நாளில் மேலூர் திருவுடையம்மன், ஒற்றியூர் வடிவுடையம்மன், முல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கிற கூட்டம் உச்சிவேளையில் இங்கே வந்து சேரும். நாயனாரை நினைத்து நிதானமாக நிற்க நினைப்பவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. சாதாரண நாளில் மாலை விளக்கு வைக்கும் நேரம்தான் இவருக்கு ஏற்ற நேரம்.

செல்வம் இருந்தவரை கோயிலின் உள்ளும் புறமும் அல்லும் பகலும் விளக்கேற்றினார். அது எவ்வளவு பெரிய செலவு என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். சோழர் கல்வெட்டுகளில் ஒரு நொந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 90 அல்லது 96 ஆடு விட்டு, அதற்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கச் சொல்வது வழக்கம். எண்ணெய்க்கும் அதே அளவு என்று வைத்துக்கொள்வோம். நான்கு உழக்கு ஒரு படி. நூறு விளக்கு என்றால் நாளுக்கு 25 படி. செக்கில் 10 கிலோ எள் ஆட்டினால் சுமார் 4 லிட்டர், அதாவது ஏறக்குறைய 3 படி எண்ணெய் வரும். ஆக நூறு விளக்குக்கே ஒரு நாளைக்கு எட்டு முறைக்கு மேல் செக்கு நிறைய எள் போட வேண்டும். அரசர்களும் அதிகாரிகளும் ஆட்டுமந்தை விட்டு எரித்த விளக்கை ஒரு செக்குக்காரர் தன் கையால் எரித்தார்.

பிறகு செல்வம் போயிற்று. உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்று, அந்தக் கூலியில் விளக்கேற்றினார். அவர்களும் எண்ணெய் தராமல் நிறுத்தியபோது, அடுத்தவர் செக்கில் கூலியாளாக இறங்கினார். சேக்கிழார் இங்கே தொழிலை அறிந்தவர்போல் பாடுகிறார்: செக்கு நிறைய எள்ளிட்டு, பதமறிந்து ஆட்டி, சுற்றிவரும் எருதை ஓட்டி என்று. இதில் கனமான சொல் ‘பதம்’.

எள்ளை நன்றாக வெயிலில் காயவைத்து, கல் மண் போகப் புடைத்துத்தான் உரலில் போடுவார்கள். எள் நசுங்கி மாவாகும் நேரத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். 10 கிலோவுக்கு ஒரு கிலோ வரை கருப்பட்டி சேர்ப்பதும் உண்டு. அந்த ஈரத்திலும் பிசுக்கிலும்தான் பிண்ணாக்கு ஒன்றோடொன்று ஒட்டி உரலின் ஓரத்தில் இறுகும், எண்ணெய் தனியே பிரியும். தண்ணீர் குறைந்தால் மாவு மாவாகவே சுற்றும், எண்ணெய் விடாது. கூடினால் எண்ணெய் கலங்கும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், திரியில் ஏறியதும் சடசடவென்று வெடிக்கும். உலக்கைக்கும் உரலுக்கும் நடுவே மாவு எப்படிப் புரள்கிறது என்று பார்த்தும், விரலால் நசுக்கியும்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்து, கசடு அடியில் தங்கியபின் மேலாக வடிக்க வேண்டும். வடிக்காத எண்ணெயை விளக்கில் ஊற்றினால் திரிநுனியில் கசடு கட்டி, ராத்திரி நடுவில் அணைந்துவிடும்.

கூலியாட்கள் பெருகி அந்த வேலையும் கிடைக்காமல் போனது. வீட்டையும் பண்டங்களையும் விற்றார். கடைசியில் மனைவியையும் விற்க முற்பட்டார்; வாங்க ஆளில்லை. இந்த இடம் இன்று படிப்பவர்களுக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். கூட வாழ்ந்து வறுமையையும் பகிர்ந்த அந்த அம்மையார் ஒரு சொல் சொன்னதாகப் பாட்டில் இல்லை. தொண்டின் தீவிரத்தைக் காட்டத்தான் புராணம் இதைச் சொல்கிறது என்று உரைகாரர்கள் எழுதுவார்கள். அதனால் உறுத்தல் குறைவதில்லை. அன்று மாலை கோயிலில் அகலை வரிசையாக வைத்துத் திரியிட்டு, எண்ணெய்க்குப் பதிலாகத் தம் குருதியையே வார்க்கக் கழுத்தில் கருவியை வைத்தார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்து, காயமும் ஆற, ஆட்கொண்டார்.

அந்த இறைவன் படம்பக்கநாதர், புற்று வடிவானவர். ஆண்டு முழுவதும் கவசத்தோடுதான் காட்சி. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள்; அந்நாட்களில் வரிசை நீளம். கருவறைக்குப் பின்புறம் வரும்போது விமானத்தைப் பாருங்கள், யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அதைக் கட்டியவர் ரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டே பெயர் சொல்கிறது. தொழிலாளியின் பெயர் கல்லில் நிற்பது அபூர்வம்.

விளக்கேற்றப் போகிறவர்களுக்கு: கடையில் ‘தீப எண்ணெய்’ என்று விற்பது பெரும்பாலும் பல எண்ணெய்க் கலவை, சமையலுக்கல்ல என்று சீட்டிலேயே இருக்கும். நல்லெண்ணெய்தான் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். புது அகலை முந்தின நாளே சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் பாதி எண்ணெயை மண்ணே குடித்துவிடும். திரிநுனி வெளியே கொஞ்சம்தான் தெரிய வேண்டும், நீண்டால் புகையும். விளக்குக்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும் ஏற்றுங்கள். தூண்களிலும் சிற்பங்களிலும் எண்ணெய் படிந்தால் தூசி சேர்ந்து இறுகி, எளிதில் போகாது.

நாயனாரின் குருபூஜை ஆடி மாதம் கேட்டை நட்சத்திரத்தில் வரும். அன்று பூஜை நேரத்தை முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.