மலைக்கு எந்தப் பக்கம்?

"மலை எங்களுக்கு வடக்கே இருக்கிறது. அதற்கு அப்பால் இருப்பது ரஷ்யா, நாங்கள் இல்லை."

ஜார்ஜியத் தலைநகர் டிபிலிசியின் டூர் ஏஜென்ட் அம்மா வாட்ஸ்அப்பில் போட்ட பதில் இவ்வளவுதான். கூடவே எங்கள் ஃபிளையரில் 'டிரான்ஸ்காகேசியா' (காகசஸ் மலைக்கு அப்பால்) என்ற சொல்லைச் சிவப்பில் சுழித்து அனுப்பியிருந்தார்.

துபாயில் நாங்கள் விற்ற ஈத் விடுமுறை பேக்கேஜ் அது. ஜார்ஜியா, ஆர்மீனியா, அஜர்பைஜான் மூன்றையும் ஒரே பெயரில் விற்க வேண்டும், தலைப்பு ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது. அந்தச் சொல்லை விட்டால் வேறு என்ன இருக்கிறது? பழைய அட்லஸ் எல்லாவற்றிலும் அதுதான். "இது வெறும் பூகோளப் பெயர்தானே, மேடம்" என்று தட்டினேன். "பூகோளம்தான். ரஷ்யப் பூகோளம்" என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் 'தெற்கு காகசஸ்' என்று மாற்றி அனுப்பிவிட்டேன்.

மாற்றியதில் வருத்தமே இல்லை. அவர் சொன்னது நியாயம். 'ஸகாவ்காஸியே' என்று ரஷ்யர்கள் சொல்வதன் நேர் நகல் அது. வடக்கே நின்று பார்த்தால்தான் இந்த மூன்று நாடுகளும் 'அப்பால்'. 1801-ல் ஜார் அரசு கிழக்கு ஜார்ஜியாவைச் சேர்த்துக்கொண்டது. பிறகு டிபிலிசியிலேயே உட்கார்ந்து ஆண்ட ரஷ்ய அதிகாரிகளுக்கும், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஊர் மலைக்கு 'அப்பால்'தான் இருந்தது. இதை நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது.

ஆனால் இதையெல்லாம் யோசித்துத்தான் மாற்றினேனா? அன்று சாயங்காலத்துக்குள் ரூம் கன்ஃபர்ம் ஆக வேண்டும். பீக் வாரம், ரேட் அவர் கையில். சொல்லைப் பிடித்துத் தொங்கி ரூமை விடுகிற ஆள் யார்? நியாயத்துக்காக இறங்கி வந்தேனா, ரூமுக்காகவா என்பது இன்று வரை பிடிபடவில்லை.

ஆர்மீனியத் தலைநகர் எரெவானின் ஏஜென்டுக்கு இந்தச் சொல்லைப் பற்றிக் கவலையே இல்லை. அஜர்பைஜானோடு (தலைநகர் பாகூ) போரிட்ட நாட்டுக்காரர், அவருடைய ஆட்சேபம் வேறு: "எந்தப் பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், எங்களையும் பாகூவையும் எதற்கு ஒரே பெயரில் கட்டுகிறீர்கள்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. 1918 ஏப்ரல் 22-ல் மூன்றும் சேர்ந்து இந்தப் பெயரிலேயே ஒரு குடியரசு தொடங்கி, மே 26-ல் கலைத்தார்கள். பிறகு 1922 முதல் 1936 வரை சோவியத்துக்குள் ஒரே குடியரசாகக் கட்டிவைக்கப்பட்டார்கள். அப்போதும் பெயர் இதேதான். நான் விற்ற பேக்கேஜிலும் டிபிலிசியிலிருந்து பாகூவுக்கு விமானம்தான். 2020-லிருந்து அஜர்பைஜானின் தரைவழி எல்லை பயணிகளுக்கு மூடிக்கிடந்தது. மூன்று நாடுகள் ஒன்றாக நின்றது எங்கள் ஃபிளையரில் மட்டும்தான். 'தெற்கு காகசஸ்' என்று திருத்தினாலும் அந்தக் கட்டு அவிழவில்லையே!

இத்தோடு விட்டிருப்பேன். அப்புறம் ஏஜென்டுகளுக்கு இடத்தைச் சுற்றிக்காட்டும் ஒரு ஃபேம் ட்ரிப்பில், டிபிலிசியிலிருந்து மேற்கு ஜார்ஜியாவின் குத்தாயிசி போனோம். சுராமியில் வண்டியை நிறுத்தி, தந்தூர் மாதிரியான அடுப்பில் சுட்ட நசுக்கி என்ற திராட்சை ரொட்டி வாங்கினோம். கை சுடச்சுட, பட்டை மணத்தோடு இருந்தது. ரிக்கோத்தி சுரங்கத்தைத் தாண்டியதும் ஷ்ரோஷாவின் மண்பானைக் கடைகள் வரிசையாக வந்தன. "லிகி மலையைத் தாண்டிவிட்டோம், இனி இமெரெத்தி" என்றார் டிரைவர். அர்த்தம் கேட்டேன். 'இமியேர்' என்றால் அந்தப் பக்கம். டிபிலிசிப் பக்கத்திலிருந்து பார்த்து வைத்த பெயர். மலைக்கு அந்தப் பக்கத்து நாடு!

நம்ம டிபிலிசி ஏஜென்ட் அம்மாவுக்குச் சொந்த ஊர் இந்த இமெரெத்தியில் இருக்கும் குத்தாயிசி. இமெரெத்தி கச்சாபுரி என்ற சீஸ் ரொட்டிதான் அசல் என்று பெருமை பேசுகிறவர்.

டிரைவர் இன்னொன்றும் சொன்னார். ஜார்ஜிய மொழியில் தெற்கு காகசஸுக்கு 'அமியேர்காவ்காசியா', இந்தப் பக்கத்துக் காகசஸ். வடக்கேயுள்ளது 'இமியேர்காவ்காசியா'. அப்படியென்றால் அந்த அம்மா என்னிடம் அரசியல் பேசவில்லை, தன் மொழியில் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். நான்தான் வீம்பு என்று எடுத்துக்கொண்டேனோ? அதே மொழியில் 'அந்தப் பக்கம்' என்ற பெயரை அவருடைய ஊரும் சுமந்துகொண்டிருக்கிறதே, அதில் யாருக்கும் புகார் இல்லையே என்று அடுத்த நொடியே மனசு வாதாடுகிறது. சொந்த வீட்டுக்காரர் சொன்னால் ஒன்று, படையோடு வந்தவர் சொன்னால் வேறு. அதுவும் தெரிகிறது. எங்கள் சித்தப்பா நான் துபாயில் இருப்பதை 'அக்கரைச் சீமை' என்றுதான் சொல்கிறார், எனக்குக் கோபம் வந்ததில்லை.

இந்த சீசனுக்கு அந்த அம்மா புதிதாக 'இமெரெத்தி டே ட்ரிப்' ஒன்று அனுப்பியிருக்கிறார். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு டைப் செய்தேன். கேள்வியாகக் கேட்கிறேனா, பழைய கணக்கைத் தீர்க்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அழித்துவிட்டு, லஞ்ச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டேன். சேர்த்துத்தானாம், டிரிங்க்ஸ் மட்டும் தனி.