படத்தின் பின்பக்கம்: நாட்குறிப்பு

ஒக்டோபர் 6, 2024

பெரியம்மாவின் அலுமாரிக்கு மேலிருந்த தகரப் பெட்டியை இன்று இறக்கினோம். குடும்பப் படங்கள், சுவரொட்டிகள், துண்டுப்பிரசுரங்கள், இறந்தவர் நினைவாக முப்பத்தோராம் நாளில் அச்சிடும் ‘கல்வெட்டு’ப் புத்தகங்கள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது வீட்டுப் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) புதைத்துவிட்டுப் போன பெட்டி இது. ஈரம் ஏறி மூலைகள் பழுப்பாகியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

முதலில் கையில் வந்தது, இயக்கத்தில் சேர்ந்து இறந்துபோன மாமாவின் வகுப்புப் படம். மூன்று வரிசையாக மாணவர்கள். நடு வரிசையில் ஒரு முகம் இருக்க வேண்டிய இடத்தில் கத்தரிக்கோலால் வெட்டிய சதுர ஓட்டை.

"அறிவித்தலுக்குப் படம் கேட்டார்கள். இதை விட்டால் வேறு நல்ல படம் இருக்கவில்லை" என்றார் பெரியம்மா.

மாமா இருந்த மற்றப் படங்கள் கையோடு கொண்டுபோன அல்பத்தில் இருந்தன. 1996இல், இடம்பெயர்ந்திருந்த தென்மராட்சியிலிருந்து வீடு திரும்புவதற்கு முதல்நாள், அம்மம்மா அதைக் கிணற்றடியில் வைத்து எரித்தார். இயக்கத்தில் இருந்த பிள்ளையின் படத்துடன் இராணுவச் சோதனைச் சாவடியைக் கடக்க முடியாது. அந்த வருடம் குடாநாட்டில் பிடிக்கப்பட்டுக் காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கில். அம்மம்மாவின் அச்சம் முற்றிலும் நியாயமானது. எத்தனை வீடுகளில் இப்படித் தாயின் கையாலேயே பிள்ளையின் முகம் நெருப்புக்குப் போயிருக்கும்! போர்க்காலப் படங்களைத் தொகுக்கிறவர்கள் இந்த எரிப்பையும் ஒரு பதிவாக எழுதிவைக்க வேண்டும்.

ஒக்டோபர் 13

சுவரொட்டிகளைப் பிரிப்பது கடினமான வேலை. கோதுமை மாப் பசையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியவற்றை யாரோ சுவரிலிருந்து கட்டியாக உரித்தெடுத்து வைத்திருக்கிறார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துச் சுவர்களில் இடம்பிடிக்கப் பல ஆயுத இயக்கங்கள் போட்டியிட்டன: புலிகள், டெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எவ்., ஈரோஸ். 1986 ஏப்ரல் இறுதியில் புலிகள் டெலோவை அழித்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் ஈ.பி.ஆர்.எல்.எவ். தடைசெய்யப்பட்டது. சுவரின் பேச்சும் அத்தோடு ஒடுங்கிப்போனது. இந்தக் கட்டியை அடுக்கடுக்காகப் பிரித்தால் அந்த ஒடுக்கம் கண்முன்னே தெரிகிறது. அடியிலிருக்கும் தாள்களில் பல பெயர்கள், மேலே வரவர ஒரே பெயர்.

கையால் எழுதிய ஒரு சிறிய அட்டையும் இருக்கிறது. மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் குற்றத்தை எழுதித் தொங்கவிட்ட காலம் அது. இந்த அட்டை அப்படித் தொங்கியதா, வேறெங்காவது ஒட்டியதா என்று பெரியம்மா சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் இதை ஒதுக்கிவைத்துவிட்டு வீரச்சாவு அறிவித்தல்களை மட்டும் ஆவணப்படுத்தினால் அது பொய்யான ஆவணமாகும். இந்தப் பிடிவாதத்திலிருந்து நான் இறங்கப்போவதில்லை.

ஒக்டோபர் 19

தொண்ணூறுகளின் துண்டுப்பிரசுரம் ஒன்று கோடுபோட்ட கொப்பித் தாளில் அச்சாகியிருக்கிறது. அரசின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் இல்லை, மின்சாரம் இல்லை, கடதாசிக்கும் தட்டுப்பாடு. உள்ளே எழுதியிருப்பது வழக்கமான அழைப்பு வாசகம்தான். அந்த நீலக் கோடுகள் சொல்வது அதைவிட அதிகம்.

ஒக்டோபர் 30

நாட்காட்டியில் இந்தத் தேதி எங்கள் ஊருக்கு இரண்டு தடவை வருகிறது.

1995இல் இதே நாள், யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து மழைக்குள் நடந்தது. இரவிரவாக நாவற்குழிப் பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்ததை எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் சொல்வார்கள். அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் புலிகளால் விரட்டப்பட்டார்கள். கொடுத்த அவகாசம் இரண்டு மணிநேரம். பணமும் நகையும் பறிக்கப்பட்ட அந்த நேரத்தில் அல்பத்தை யார் எடுத்திருப்பார்கள்? எங்கள் இடப்பெயர்வைப் பற்றி நிறையப் பேசுகிற நாங்கள் அவர்கள் விரட்டப்பட்டதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

பெட்டியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருக் குடும்பம் ஒன்றின் கல்யாணப் படம் கிடைத்தது. அம்மப்பாவின் நண்பர் அன்பளிப்பாகக் கொடுத்தது. பின்பக்கத்தில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. அவருடைய மகள் புத்தளத்தில் இருக்கிறார். தொலைபேசியில் சொன்னபோது சிறிது நேரம் பேச்சே வரவில்லை. பெற்றோரின் கல்யாணப் படத்தை அவர் பார்த்தே முப்பத்துநான்கு வருடங்கள் ஆகின்றனவாம்.

பெரியம்மா உடனே சொன்னார்: "பிரதியை நாங்கள் வைத்திருப்போம். மூலப் படம் அவர்களுக்குத்தான் போக வேண்டும்."

நவம்பர் 3

கனடாவிலிருந்து மச்சான் ஒரு படம் அனுப்பினான். பழைய பத்திரிகைத் துண்டு: மாமாவின் வீரச்சாவு அறிவித்தல். இயக்கப் பெயர், இயற்பெயர், ஊர். முகத்துக்குப் பக்கத்தில், இடது ஓரத்தில், இன்னொரு பையனின் தோளில் கொஞ்சம் தெரிகிறது. வகுப்புப் படத்தை எடுத்து ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே தோள்; மிச்சம் இங்கே இருக்கிறது.

கணினியில் ஓட்டையை நிரப்பித் தருவதாக மச்சான் சொல்கிறான். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். பள்ளிக்கூடப் பையனின் முகம் போராளியின் அறிவித்தலுக்குப் போன வழி அந்த வெட்டில்தான் இருக்கிறது. கறையை நீக்குவது, நிறம் ஏற்றுவது, ஓரத்தை நேராக்குவது எதுவும் கூடாது. முன்பக்கம் போலவே பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

நவம்பர் 17

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் இன்னும் படங்களை ஏந்தி நிற்கிறார்கள். சீருடையில் ஒன்று, அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தது ஒன்று, கல்யாணப் படத்திலிருந்து வெட்டியது ஒன்று. 2009இல் முள்ளிவாய்க்காலில் எல்லாவற்றையும் இழந்தவர்கள், எப்போதோ வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய படத்தைத் திருப்பிக் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். குடும்பத்துக்குள் இருந்த படமே அங்கே சுவரொட்டியாகிவிட்டது. தாய்மார் இப்படித் திரள்வது புதிதல்ல: 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது. 1990இல் தெற்கே சிங்களத் தாய்மாரும், ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சிக் காலத்தில் காணாமற்போன பிள்ளைகளுக்காக அதே பெயரில் திரண்டார்கள். அவர்களுடைய படங்களையும் இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். வயிறு எரிந்தவர்கள் கையில் எந்த மொழியிலும் ஒரே அளவுப் படம்தான் இருக்கிறது.

டிசம்பர் 1

கோப்புகளுக்கு விபரம் எழுதும் வேலை. யார், எங்கே, எந்த ஆண்டு என்பதோடு, எங்கே மறைத்துவைக்கப்பட்டது, யார் வெட்டியது, எதற்காக வெட்டியது என்றும் எழுதுகிறேன். எரிந்த அல்பத்துக்கும் ஒரு பதிவு: அதில் இருந்த படங்கள் எவை என்று பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன்.

வகுப்புப் படத்தை வெளியிடப் பெரியம்மா சம்மதித்துவிட்டார். ஆனால் அதில் உயிரோடு இருக்கிற மற்ற முகங்களும் உண்டு. தோள் தெரிகிற அந்தப் பையன் இப்போது கொழும்பில் இருக்கிறார். அவருக்கும், தேடிக் கண்டுபிடித்த மற்றவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை அந்தப் படம் பொதுப் பார்வைக்குப் போகாது.