மூணு கேள்வி சார்

பள்ளியில் நமக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த சார் காலமான செய்தி பழைய மாணவர் குழுவில் வந்த இரவு, துபாய், டொராண்டோ, சிங்கப்பூர் என்று எல்லாத் திக்கிலிருந்தும் இரங்கல் குறிப்புகள் வந்தபடி இருந்தன. அவற்றில் அதிகம் கண்ணில் பட்டது அவர் வகுப்பில் சொல்லும் ஒரே வரிதான்: "புத்தகத்தை மூடு." நம் செட்டில் எவனும் அதை மறக்கவில்லை. அவருடைய நல்ல மனதைப் பற்றி மற்றவர்கள் இந்த நினைவு மலரில் எழுதுவார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்பதால், அந்த வகுப்பு எப்படி நடந்தது என்பதை மட்டும் நான் எழுதி வைக்கிறேன். இதைப் படிக்கும் ஓர் ஆசிரியர் நாளைக் காலையே செய்து பார்க்கலாம். 1984-ல் கடலூரில் 52 பையன்கள், 13 பெஞ்சு, ஒரு கரும்பலகை, ஓடாத ஒரு மின்விசிறி. இவ்வளவும் வைத்துக்கொண்டு அவர் செய்த காரியம் இது.

ரெண்டாம் பெல் அடித்ததும் மூன்று கேள்வி. ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. புத்தகம் மூடியிருக்கும். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் விடை எழுத ஐந்து நிமிடம். பிறகு நோட்டைப் பக்கத்தில் இருப்பவனிடம் மாற்றிக்கொள்வோம். அவர் விடையைச் சொல்வார், நாம் திருத்துவோம். மார்க் கிடையாது.

இந்த மூன்று கேள்வி ஏன் பலித்தது என்பதற்கு ஆராய்ச்சி உண்டு. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-ல் வெளியிட்டார். படித்தது முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாகச் சரிகிறது, அதன்பின் சரிவு மெல்ல மெல்லக் குறைகிறது என்பது அவர் கண்டது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் மாணவர்களுக்கு ஒரே பத்தியைக் கொடுத்து, ஒரு பிரிவை மறுபடி படிக்கவும் இன்னொரு பிரிவைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். மூளைக்குள் போடுவதைவிட மூளையிலிருந்து எடுப்பதுதான் தடத்தை ஆழமாக்குகிறது. மறுபடி படிக்கும்போது வரும் 'தெரிந்த மாதிரி இருக்கிறது' என்ற நிம்மதி நம்மை ஏமாற்றுகிறது.

இதை எடுத்துச் செய்கிற ஆசிரியர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை நிறையப் பார்த்துவிட்டேன். மார்க் போட ஆரம்பித்தால் அன்றே காப்பி அடிப்பது தொடங்கும், அதோடு பலன் போயிற்று. விடையை உடனே சொல்லாமல் விட்டால் தப்பான விடையே மனதில் உட்கார்ந்துவிடும். மூன்று கேள்வியும் நேற்றைய பாடத்திலிருந்தே கேட்டால் இடைவெளி இல்லை, வெறும் ஒப்புவித்தல்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, மூன்றாவது கேள்விக்கு யாருக்கும் விடை வரவில்லை என்று மனம் சோர்ந்து அதை நிறுத்திவிடுவது. கொஞ்சம் மறந்ததை முயன்று எடுக்கும்போதுதான் பலன் அதிகம். மொத்த வகுப்பும் முழித்தால் சார் நேரே விடையைச் சொல்ல மாட்டார். முதல் எழுத்தைப் பலகையில் எழுதுவார். அதற்கும் வரவில்லையென்றால் ஒரு படம் போடுவார்.

கேள்வி கேட்கும் முறைக்கு வருகிறேன். முதலில் கேள்வி, பிறகு மௌனம், கடைசியில்தான் பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற 51 பேரும் அந்த நொடியே ஓய்வெடுத்துவிடுவார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு சாக்பீஸை மேசைமேல் வைப்பார், ஜன்னல் வரை நடந்துபோய்த் திரும்புவார். எவனாவது கையைத் தூக்கினால் "கையைக் கீழ போடு தம்பி, இன்னும் யோசி" என்பார். அந்த நடை ஐந்தாறு நொடி இருக்கும். அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று 1974-ல் எழுதினார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீளமாகின்றன, 'தெரியாது' என்பது குறைகிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசுகிறார்கள். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதே அளவு காத்திருக்க வேண்டும் என்பதும் அவர் கண்டதுதான். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 'சரி' என்று நாம் சொன்ன கணமே அவன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறான்.

சார் கை நீட்டி யாரையும் அடித்ததில்லை. தப்பான விடையை அழிக்கவும் மாட்டார். பலகையின் இடது ஓரத்தில் எழுதி, சொன்னவன் பெயரைப் போடாமல், "இப்படி நினைக்க என்ன காரணம்?" என்று எழுதுவார். அதற்கு வலுவான காரணம் உண்டு. ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடியவை மிகக் கொஞ்சம். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் ஏழு என்றார், நெல்சன் கோவன் 2001-ல் அதைத் திருத்தி நான்கு அளவில் நிறுத்தினார். பயம் அந்த நான்கு இடங்களில் ஒன்றிரண்டைப் பிடித்துக்கொள்கிறது. பிரம்பைப் பார்த்தபடி கணக்குப் போடும் பையன் பாதி மூளையால்தான் போடுகிறான். ஒரு பாடவேளையில் நான்கு புதுச் சொல்லுக்கு மேல் பலகையில் ஏறாது என்பதும் அவர் வகுப்பில் சட்டம் போல இருந்தது. அந்த நான்கையும் வலது மேல் மூலையில் கட்டம் போட்டு எழுதுவார், கடைசி பெல் வரை அழிக்க மாட்டார்.

மின்சாரப் பாடத்தில் வரும் மின்தடைக் கணக்குகளை நினைத்துப் பாருங்கள். முதல் கணக்கு எல்லா வரியும் போட்டுக் காட்டியிருக்கும். இரண்டாவதில் கடைசி வரி இருக்காது. மூன்றாவதில் கடைசி இரண்டு வரி இருக்காது. நான்காவதில் வெறும் கேள்விதான். ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1980-களில் செய்த ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன: புதிதாகக் கற்பவனுக்கு, தானே முட்டி மோதுவதைவிடச் செய்துகாட்டிய கணக்கைப் படிப்பதுதான் அதிகம் உதவும். கற்றவனுக்கோ அதே முறை தடையாகிவிடும். சாருக்கு அதுவும் தெரிந்திருந்தது. வேகமான பையன்களை மூன்றாவது கணக்கிலிருந்தே தொடங்கச் சொல்வார்.

ஐஸ் பாடத்தை எழுதாமல் விட முடியாது.

ஓ.டி. என்கிற கடலூர் பழைய டவுன் துறைமுகத்திலிருந்து மீனுக்குப் போடும் ஐஸில் ஒரு துண்டு, மரத்தூள் போட்ட சாக்கில் சுற்றி வந்தது. அதை எலுமிச்சை அளவுக்கு உடைத்து ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டார். அதன்மேல், பிரில் நீலப் பேனா மை நாலு சொட்டு விட்ட தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினார். ஐஸை முதலில் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். வரிசை மாறினால் போடும்போதே வழிந்துவிடும். ஐஸ் மிதக்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது. தொட்டால் தன் எடை அளவுக்கு நீரை விலக்காது, உருகும்போது மட்டம் ஏறிவிடும், பாடமே தலைகீழாகிவிடும். வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு, கீழே பழைய பேப்பர் விரித்தார்.

"ஐஸ் உருகினா என்ன ஆகும்? வழியுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? தனியா எழுதுங்க. பேசக் கூடாது." இரண்டு நிமிடம். பிறகு கை தூக்கல். பெரும்பாலான கைகள் 'வழியும்' பக்கம். அவர் எது சரி என்று சொல்லவில்லை, முகத்திலும் காட்டவில்லை. "உனக்கு எதிரா எழுதினவன் பக்கத்துல போய் உட்காரு. அவன் ஏன் அப்படிச் சொல்றான்னு கேளு." நான்கு நிமிடம் கழித்து மறுபடி கை தூக்கல். அதற்குப் பிறகுதான் எல்லோரும் டம்ளரைப் பார்த்தோம்.

பத்து நிமிடத்தில் டம்ளரைச் சுற்றிப் பேப்பர் நனைந்துவிட்டது. "வழிஞ்சிடுச்சு!" என்று ஒரே கூச்சல். சார் நனைந்த பேப்பரைத் தூக்கிக் காட்டினார். நீலம் இல்லை. கடலூர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு வடிந்த நீர் அது. மை எதற்கு என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது. ஐஸ் முழுக்க உருகிய பின் 'குறையும்' கட்சிக்காரன் ஒருவன் குனிந்து பார்த்து, ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது என்றான். அவன் சொன்னது உண்மை. தண்ணீர் குளிர்ந்ததால் கொஞ்சம் சுருங்கியிருந்தது. "நல்லாப் பார்த்த. இது சூடேறின பிறகு வந்து மறுபடி பாரு" என்றார் சார். மதியம் போய்ப் பார்த்தபோது விளிம்புக்கு வந்திருந்தது. மிதக்கும் ஐஸ் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது, உருகினால் அதே எடையுள்ள நீராகிறது, ஆக மட்டம் மாறாது. இந்த விளக்கத்தை அவர் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நிமிடம் இருக்காது. அதற்குள் நாம் அதற்குப் பசியோடு காத்திருந்தோம்.

அடுத்த வாரம் அதையே உப்புத் தண்ணீரில் செய்தார். தேவனாம்பட்டினத்துக் கடல் நீர் போதாது. அதில் ஏற்படும் வித்தியாசம் மிகச் சிறியது, குளிர்ச்சியால் வரும் சுருக்கமே அதை மறைத்துவிடும். கல் உப்பைக் கரையாமல் அடியில் தங்கும் வரை போட்டுக் கலக்கி, தெளிந்ததை ஊற்றினார். அந்த முறை நிஜமாகவே வழிந்தது. ஏன் என்பதை அவர் சொல்லவேயில்லை, நாம் சொன்னோம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1991-ல் இயற்பியல் வகுப்பில் கொண்டுவந்த முறையின் எலும்புக்கூடு இதேதான்: தனியாக முடிவு, வாக்கு, சக மாணவனோடு வாதம், மறுவாக்கு, விளக்கம். இதில் தனியாக எழுதும் அந்த இரண்டு நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு நேரே குழுவில் உட்கார வைத்தால் ஒருவன் பேசுவான், மூவர் தலையாட்டுவார்கள். நான் பார்க்கிற 'குழுச் செயல்பாடு'களில் பாதிக்கு மேல் இங்கேதான் தோற்கிறது.

செரிமான மண்டலத்தை நான்காகப் பிரித்தது உங்களுக்கு நினைவிருக்கும்: வாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல். பெஞ்சுக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு பகுதி. ஒரே பகுதிக்காரர்கள் முதலில் சேர்ந்து உட்கார்ந்து படித்து, சாரிடம் சொல்லிக் காட்டிவிட்டு, பிறகு தங்கள் பெஞ்சுக்குப் போய்க் கற்பிக்க வேண்டும். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் 1971-ல் தொடங்கிய முறை இது. நடுவில் அந்தச் சொல்லிக் காட்டுதல் இல்லையென்றால் தப்பு 13 பெஞ்சுக்கும் பரவிவிடும். வராத பையனுக்காகப் பக்கத்து பெஞ்சில் எப்போதும் ஒரு மாற்று ஆள் உண்டு.

இப்போது ஊரில் 'மூளை சார்ந்த கற்றல்' என்ற பெயரில் பயிலரங்குகள் நடக்கின்றன. இடது மூளைப் பிள்ளை, வலது மூளைப் பிள்ளை, பார்த்துக் கற்பவன், கேட்டுக் கற்பவன் என்று பிரித்துச் சொல்கிறார்கள். பிள்ளைகளை இப்படி வகை பிரித்துக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று 2008-லேயே ஹெரால்ட் பேஷ்லர் குழுவினர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதிவிட்டார்கள். மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதும் கட்டுக்கதை. மூளையைப் பற்றி வகுப்புக்கு உதவுகிற செய்திகள் சாதாரணமானவை: இடைவெளி விட்டு நினைவுபடுத்து, ஒரே நேரத்தில் அதிகம் திணிக்காதே, பயமுறுத்தாதே, இரவு தூங்க விடு. பகலில் கற்றது தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. பரீட்சைக்கு முன்னால் "பத்து மணிக்குப் படுத்துடு தம்பி" என்று சார் சொன்னது கரிசனத்தோடு கூடிய அறிவியல்.

மாணவரை மையமாக வைத்தால் ஆசிரியருக்கு வேலை குறையும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பாயில் உட்கார்ந்த பிள்ளைகள், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் பலகை, அட்டைகள், அடுத்துக் கற்க வேண்டியது எது என்று காட்டும் ஏணிப்படி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் படியில் ஏன் நிற்கிறது என்று அருகில் குனிந்து பார்க்கிற ஆசிரியர் இல்லாத இடத்தில், அட்டையை எடுத்துத் திரும்ப வைப்பதே படிப்பாகிவிடும். சார் ஒரே பாடவேளையில் 13 பெஞ்சையும் இரண்டு சுற்றுச் சுற்றி வருவார்.

இவை எதுவும் அவருடைய பாடக் குறிப்பேட்டில் இருந்திருக்காது. அது இன்ஸ்பெக்ஷனுக்காக எழுதியது: நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு. செய்முறை எல்லாம் அவர் தலையிலும் நம் 52 தலைகளிலும்தான் இருந்தன. நம் செட்டில் ஆசிரியத் தொழிலுக்கு வந்தவர்கள் மூன்று பேர், மூவருமே வெளிநாட்டில். வேலை நல்ல வேலைதான், பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள்தான். இருந்தாலும் அந்த ஜன்னல் வரை நடந்து திரும்ப ஊரில் நம்மில் ஒருவன் தங்கியிருக்கலாம். லீவில் போகும்போதெல்லாம் சில்வர் பீச்சுக்குப் போனோம், பாண்டிக்குப் போனோம். மஞ்சக்குப்பத்தில் சார் வீட்டுக்கு ஒரு நோட்டோடு போய் உட்கார அரை நாள் போதும். போகவில்லை.

இப்போது குழுவில் ஒவ்வொருவனும் ஒரு பாடம் எடுத்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுகிறோம். ஐஸ் பாடத்துக்கு உப்பின் அளவை தோஹாவிலிருந்து ஒருவன் எழுதினான். மை கறுப்பு என்று இன்னொருவன் வாதாடுகிறான். மின்சாரம், செரிமானம், அமிலம் எல்லாவற்றுக்கும் பாடத்துக்கு இருவர் கிடைத்துவிட்டார்கள். ஒளிவிலகலுக்கு மட்டும் இன்னும் யாரும் வரவில்லை. எவர்சில்வர் கிண்ணமும் நாலணாக் காசும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தண்ணீர் ஊற்றும் முன்னால் சார் என்ன கேள்வி கேட்டார் என்பது ஒருவனுக்கும் நினைவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.